படகு இன்ஜின் தட்டுகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

இரவு ஒன்பதரை மணிக்கு என் கைப்பேசி ஒலித்தால் வீட்டில் யாரும் திடுக்கிடுவதில்லை. துபாயில் அப்போது எட்டு மணி. அக்கா மகன் படகுப் பட்டறையிலிருந்து அறைக்குத் திரும்பியிருப்பான். "மாமா, இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்கள்" என்று அரை நிமிட ஒலிப்பதிவு ஒன்று வரும். பின்னணியில் கடற்காற்று, நடுவில் இன்ஜின். அதை மட்டும் வைத்துக்கொண்டு நோயைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவன் எதிர்பார்ப்பு.

வளைகுடாவில் படகு இன்ஜின்களோடு பல ஆண்டுகள் கழித்துவிட்டு வந்தவன் நான். இப்போது கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் லாரி, பம்புசெட் இன்ஜின்களுக்குப் போரிங் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, பிழைக்கிறேன். பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடு பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பையன்கள் டீசல் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். பெட்ரோலில் ஓடும் பெரிய வி8 மட்டும் அவர்களுக்குப் புதிது. கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன்.

இங்கே பேசுவது செவ்ரோலெட் சிறிய பிளாக் வி8 பற்றி. 1955-இல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய குடும்பம் அது. 1967-இல் வந்த 350, அதாவது 5.7 லிட்டர், படகுகளில் பரவலாக இருக்கிறது. அதையே 30 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போரிங் செய்து, 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டு 383 ஆக்குவார்கள். வேகப் படகுக்கென்று சக்தி கூட்டிய இன்ஜின்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். சேலத்திலிருந்து பாரம் ஏற்றி வரும் லாரி தொப்பூர்க் கணவாயில் முக்கி முனகி ஏறும். மேலே வந்ததும் தருமபுரி வரை இன்ஜினுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். படகுக்கு அந்தச் சமதரை கிடையாது. தண்ணீரில் வேகமாகப் போகும் படகின் இன்ஜின் நாள் முழுக்கக் கணவாய் ஏறிக்கொண்டே இருக்கிறது. "இதே இன்ஜின் காரில் ஒழுங்காக ஓடியதே" என்று வாதிடுகிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

சாவியைத் தொடும் முன்

இன்ஜின் அறையின் காற்றாடியை நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் போய்த் தங்கும். காருக்கான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பெட்ரோல் பம்பு, கார்புரேட்டர் எதையும் விலை குறைவு என்று படகில் மாட்டாதீர்கள். கார் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும். படகுக்கென்று செய்தது இன்ஜினுக்குள்ளேயே வழியும். இதில் சமரசம் செய்தவர்களின் படகு எரிந்ததைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 1: முழு வேகத்தில் தகரத்தில் சரளைக்கல் போட்டு உலுக்குவது போன்ற சத்தம்

இதுதான் நாக்கிங், சிலிண்டருக்குள் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்துத் தட்டுவது. காரில் இது காதில் விழும். படகில் எக்ஸாஸ்ட் இரைச்சலில் பாதி நேரம் கேட்கவே கேட்காது, பிஸ்டன் உடைந்த பிறகுதான் தெரியும். ஆகவே காதை நம்பாமல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவியது போல் கரும்புள்ளிகளோ, வெள்ளி நிறத்தில் மின்னும் துகள்களோ இருந்தால் சந்தேகம் வேண்டாம். அந்த வெள்ளி உங்கள் பிஸ்டனின் அலுமினியம். சாலை வண்டிக்குச் செய்வதுபோல் முழு வேகத்தில் சாவியை அணைத்துப் பிளக் பார்க்கும் பழக்கத்தைப் படகில் காட்டாதீர்கள். படகு சட்டென்று தணியும்போது பின்னால் வரும் அலை எக்ஸாஸ்ட் வழியாக ஏறிவிடும்.

*முதலில் பெட்ரோல்.* அக்கா மகன் சென்ற ஆண்டு விழுந்த குழி இது. உதிரிபாகத்தோடு வந்த அமெரிக்கத் தாளில் "91 ஆக்டேன் போதும்" என்று இருந்திருக்கிறது. பங்க்கில் 91 என்று எழுதிய குழாயில் நிரப்பிவிட்டான். அமெரிக்காவில் ஆக்டேனை, அதாவது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் திறனை, அளக்கும் கணக்கு வேறு. அவர்களுடைய 87 ஏறத்தாழ வளைகுடாவின் 91, அவர்களுடைய 91 வளைகுடாவில் 95, அவர்களுடைய 93 வளைகுடாவில் 98. தாள் கேட்டது 95, டேங்கில் இருந்தது ஒரு படி கீழே. நல்ல வேளையாகப் பிஸ்டன் தப்பியது. நம் நாட்டு பங்க்குகளில் எழுதியிருப்பதும் வளைகுடாவின் கணக்குத்தான்.

அடுத்தது பெட்ரோலின் வயது. மாதக்கணக்கில் நின்ற படகின் டேங்கில் கடற்காற்றின் ஈரம் இறங்கியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் எத்தனால் அந்த நீரை இழுத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காகப் படியும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்துபோகும். நீர் பிரிக்கும் ஃபில்டரிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். கோடு விழுந்தால் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் இப்போது நம் ஊர்க் குழாய்களிலும் வருகிறது. மழைக்காலம் முழுக்கத் தோட்டத்தில் சும்மா கிடந்த பெட்ரோல் பம்புசெட்டுக்கும் இதே புட்டிச் சோதனைதான்.

*டைமிங்.* டைமிங் லைட்டைப் பிடித்து 3000 ஆர்.பி.எம்.-க்கு மேல் மொத்த அட்வான்ஸை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி இருக்கும்போது பிளக் பொறி அடிக்கிறது என்பதை, பாருங்கள். பழைய வகை இரும்பு ஹெட்டோடு (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) படகில் ஓடும் 350-க்கு நான் 30 முதல் 32 டிகிரிக்கு மேல் போக மாட்டேன். இரண்டு டிகிரி குறைத்தால் வேகம் எவ்வளவு குறையும் என்று உரிமையாளர் கேட்பார். ஒரு பிஸ்டன் என்ன விலை என்று திருப்பிக் கேளுங்கள். பழைய இன்ஜினில் கிராங்க் முனைச் சக்கரத்தின் வெளி வளையம் ரப்பரின் மேல் நழுவியிருக்கும். அப்போது டைமிங் கோடே பொய் சொல்லும். பிளக் துளையில் பிஸ்டன் நிறுத்தியைப் போட்டு முதல் சிலிண்டரின் உச்சப் புள்ளி எங்கே என்று ஒரு முறை உறுதி செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

*பெட்ரோல் போதாமை.* இந்த இடத்தில் என் மூக்கு உடைந்திருக்கிறது. முழு வேகத்தில் தட்டிய 383 ஒன்றுக்கு டைமிங் பார்த்தேன், ஜெட் மாற்றினேன், கடைசியில் இரண்டு நாள் செலவழித்து ஹெட்டையே இறக்கினேன். குற்றவாளி டேங்கின் வாயில் இருக்கும் சிறிய சைஃபன் தடுப்பு வால்வு. உள்ளே உள்ள குண்டு துருப்பிடித்துப் பாதிதான் திறந்தது. மெதுவாக ஓடும்போது போதுமான பெட்ரோல் வந்தது, முழு வேகத்தில் போதவில்லை. அன்றிலிருந்து என் முதல் சோதனை, தனிக் கேனிலிருந்து புதுக் குழாய் இழுத்து இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது. கேனில் நன்றாக ஓடினால் கோளாறு டேங்க், வால்வு, குழாய், டேங்கின் காற்றுத்துளை இவற்றுக்குள்தான் இருக்கிறது. கேனிலும் தட்டினால் கார்புரேட்டருக்கு முன் அழுத்தமானி பொருத்தி முழு வேகத்தில் பாருங்கள். 5 முதல் 7 பி.எஸ்.ஐ. நிலையாக நிற்க வேண்டும்.

*சூடும் சுமையும்.* அறிகுறி 2, 3 இரண்டையும் பார்த்துவிட்டு இங்கே திரும்புங்கள். பொருந்தாத புரொப்பெல்லரே நாக்கிங்குக்குப் போதிய காரணம்.

*கடைசியாகத்தான் கம்ப்ரஷன்.* கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்ற எண் அது. செலவு பிடிக்கும் காரணம் இது. இரும்பு ஹெட் போட்ட படகு இன்ஜினைப் பங்க் பெட்ரோலில் ஓட்ட வேண்டுமானால் 9 முதல் 9.5 வரை நில்லுங்கள். அலுமினியம் ஹெட்டுக்குக் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். கோளாறு எப்படி வருகிறது என்றால், பையன்கள் பிஸ்டனை மாற்றாமல் ஹெட்டை மட்டும் மாற்றுவார்கள். 30 தவ் போரிங் செய்த 350, தட்டைப் பிஸ்டன், வால்வுக் குழிகள் 6 சி.சி., பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவே 40 தவ் இடைவெளி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 76 சி.சி. எரி அறை உள்ள ஹெட்டில் கம்ப்ரஷன் சுமார் 9. அதை எடுத்துவிட்டு 64 சி.சி. ஹெட்டை மாட்டினால் 10.3-ஐ நெருங்கும். சாலையில் நல்ல எண், கணவாய் ஏறிக்கொண்டே இருக்கும் இன்ஜினுக்குக் கெட்ட எண்.

இதற்குக் குறுக்குவழியாகத் தடித்த கேஸ்கெட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைப்பார்கள். செய்யாதீர்கள். அந்த 40 தவ் நெருக்கம்தான் கலவையை நசுக்கிக் கலக்கி நாக்கிங்கைத் தடுக்கிறது. அதை அகலமாக்கினால் எண் குறையும், தட்டல் குறையாது. குழி உள்ள பிஸ்டன் அல்லது பெரிய அறை உள்ள ஹெட், இரண்டில் ஒன்றுதான் சரியான வழி. பிளக்கில் வெள்ளித் துகள் தெரிந்த இன்ஜின், மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் தட்டினால் ஓட்டுவதை நிறுத்துங்கள். அறையை சி.சி. அளந்து, பிஸ்டன் உயரம் அளந்து கணக்குச் சொல்லத் தெரிந்த பட்டறைக்கு அது போக வேண்டும்.

அறிகுறி 2: சூடு ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்று முதலில் கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

*மெதுவாக ஓடும்போது ஏறி, வேகம் எடுத்ததும் தணிந்தால்* கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பொருள், விலையும் குறைவு. இறகு உடைந்திருந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் குழாயிலிருந்து தேடி எடுத்து, பக்கத்தில் வைத்து இறகுகளோடு எண்ணிப் பாருங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் அடுத்த மாதம் அதே படகு திரும்பி வரும். கரையில் தண்ணீர் இணைப்பு இல்லாமல் "ஒரு நிமிடம்தான்" என்று ஸ்டார்ட் செய்து காட்டுவதுதான் இம்பெல்லர்களைக் கொல்லும் முதல் பழக்கம்.

*வேகத்தில் மட்டும் ஏறினால்* நீர் வரும் வழியில் அடைப்பு. வடிகட்டியில் கடற்பாசி, ஜெல்லி மீன், பிளாஸ்டிக் பை என்று எல்லாம் கிடைக்கும். அது சுத்தமாக இருந்தால் உறிஞ்சும் குழாயைப் பாருங்கள். நிற்கும்போது வலுவாகத் தெரியும் பழைய குழாய், வேகத்தில் உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிப்போகும். பிறகு மேனிஃபோல்டும் ரைசரும். எக்ஸாஸ்ட் புகையோடு தண்ணீர் கலக்கும் வளைவான பாகம்தான் ரைசர். ஓடும்போது அதன் மேல் கை வைக்க முடிய வேண்டும். ஒரு பக்கம் வைக்க முடிந்து மறு பக்கம் சுட்டால் சுடுகிற பக்கத்தில் உப்பும் துருவும் அடைத்திருக்கின்றன. நம் ஊர் போர்வெல் தண்ணீர் ரேடியேட்டரில் வெள்ளைப் படிவம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. உப்புநீர் அதைவிட வேகமாகக் கட்டும்.

வளைகுடாவில் கோடைக் கடல்நீரே 35 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது அங்கே ஒரு வழக்கம். கழற்றினால் மெதுவாகப் போகும்போது இன்ஜின் குளிர்ந்தே கிடக்கும், எரியாத பெட்ரோல் எண்ணெயில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். கடல்நீர் நேராக ஓடும் இன்ஜினுக்கு 60 முதல் 71 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் இருக்கத்தான் வேண்டும். பழுதாக இருந்தால் புதிது போடுங்கள்.

எல்லாம் சரி, சூடு மட்டும் நிற்கவில்லை என்றால் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, உதாரணமாக 3-ம் 5-ம், சேர்ந்து குறைந்திருந்தால் நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது. ஹெட்டை இறக்கிய கையோடு அதன் தளம் வளைந்திருக்கிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் புதுக் கேஸ்கெட் போடுவது காசைக் கடலில் போடுவது.

அறிகுறி 3: ஆர்.பி.எம். ஏறவில்லை, அல்லது தேவைக்கு மேல் ஏறுகிறது

*ஏறவில்லை.* ஒருவரை லீவரை முழுவதும் தள்ளச் சொல்லிவிட்டு, இன்ஜின் அணைந்த நிலையில் கார்புரேட்டர் வாயைப் பாருங்கள். தகடு முழுக்கத் திறக்கிறதா? கேபிள் நீண்டு முக்கால்தான் திறந்த படகுகளுக்குக் கேமை, அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டை, மாற்றச் சொன்னவர்கள் உண்டு. அடுத்து படகின் அடிப்பாகம். அதில் ஒட்டிய சிப்பியும் பாசியும் இன்ஜினில் தேடினால் கிடைக்காது.

பிறகு புரொப்பெல்லர். அதன் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம், ஓர் அங்குலம் மாறினால் 150 முதல் 200 ஆர்.பி.எம். மாறும். 5000-ஐத் தொட வேண்டிய இன்ஜின் 4400-இல் திணறினால் மூன்று அங்குலம் குறைந்த பிட்ச்சை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அந்தத் திணறலோடு ஓட்டிக்கொண்டே போவது, டாப் கியரை மாற்றாமல் கணவாய் ஏறுவதற்குச் சமம். நாக்கிங் அங்கிருந்துதான் பிறக்கிறது.

*தேவைக்கு மேல் ஏறி, படகு வேகம் எடுக்கவில்லை.* புரொப்பெல்லரின் நடுக் குழலிலும் வெளிப்பகுதியிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் உள்ளே உள்ள ரப்பர் நழுவுகிறது. விலகவில்லை என்றால் புரொப்பெல்லர் காற்றை விழுங்குகிறது. புரொப்பெல்லரைத் தாங்கும் டிரைவின் உயரமும் சாய்வும் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், இன்ஜின்காரருக்கு அங்கே வேலை இல்லை.

அறிகுறி 4: எண்ணெய் அழுத்தம் விழுகிறது

சூடான இன்ஜினில் ஆயிரம் ஆர்.பி.எம்.-க்குப் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு, இன்றும் செல்லும். குறைந்தால் மின்சார முள்ளை நம்பாமல் நேரடிக் குழாய் வைத்த அழுத்தமானியை மாட்டிப் பாருங்கள். பழுதான முள்ளை நம்பி இன்ஜினைப் பிரித்தவர்கள் எங்கள் பட்டறையிலேயே இருந்தார்கள், பெயர் வேண்டாம்.

எண்ணெய் அளவு, அதில் பெட்ரோல் வாசம், இரண்டும் அடுத்த படி. பெட்ரோல் வாசம் அடித்தால் எண்ணெயை மாற்றிவிட்டுக் கார்புரேட்டர் மிதவையைச் சோதியுங்கள்.

*திருப்பத்தில் மட்டும் விழுந்தால்* எண்ணெய் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) ஓரத்துக்கு ஓடிவிடுகிறது, தடுப்புத் தகடு வைத்த சம்ப் தேவை. *நேராக முழு வேகத்தில் சில நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால்* எண்ணெய் மேலே ஹெட்டில் தங்கி, சம்ப் காலியாகிறது. பெரிய பம்பு போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். பெரிய பம்பு சிறிய சம்ப்பை இன்னும் சீக்கிரம் காலி செய்யும். ஏழெட்டுக் குவார்ட் (ஒரு குவார்ட் ஏறத்தாழ ஒரு லிட்டர்) பிடிக்கும் சம்ப்பும் எண்ணெய்க் குளிர்விப்பானும்தான் தீர்வு.

*எல்லா வேகத்திலும் குறைந்தால்* ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிற மினுக்கம் தெரிந்தால் பேரிங்கின் மேல் பூச்சு போய்விட்டது. அதற்கு மேல் ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்த நிலையில் நிறுத்தினால் கிராங்க்கைச் சாணை பிடித்துக் காப்பாற்றலாம். "கரை வரை மட்டும்" ஓட்டிய பல கிராங்க்குகள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயின.

அறிகுறி 5: எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில், அல்லது ஸ்டார்ட்டர் டக் என்று நின்றுவிடுகிறது

ஸ்டார்ட்டர் ஒரு முறை இடித்து நின்றால் மீண்டும் அழுத்தாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடு வளையும். எட்டுப் பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பை விலக்கிவிட்டு, பிறகு சுற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து பீறிடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்துச் சிலிண்டர்கள் மட்டும் என்றால் அந்தப் பக்க ரைசர், மேனிஃபோல்டு, கேஸ்கெட் என்ற வரிசையில் தேடுங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால், அதுவும் புதுக் கேம் போட்ட பிறகு வந்தால், குற்றம் கேமில். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமான கேம், மெதுவாக ஓடும்போது எக்ஸாஸ்ட்டிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கும். கார்ப் பந்தயக் கேமின் கரகர ஒலிக்கு ஆசைப்பட்டு வாங்குவது இதை. தண்ணீர் கலக்கும் எக்ஸாஸ்ட் உள்ள படகுக்கு லோப் இடைவெளி (உள் வால்வு, வெளி வால்வுக்கான மேடுகளுக்கு நடுவே உள்ள கோணம்) 112 டிகிரிக்குக் குறையாத கேமைக் கேளுங்கள். சத்தம் சாதுவாக இருக்கும், இருக்கட்டும்.

உப்புநீர் உள்ளே போயிருந்தால் அன்றைக்கே வேலையை முடிக்க வேண்டும். தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் தெளித்து, சிறிது ஓட்டி, நிறம் தெளியும் வரை எண்ணெயை மாற்றிக்கொண்டே இருங்கள். மூன்று முறைகூட ஆகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போனால் காலையில் ரிங்குகள் துருவில் ஒட்டியிருக்கும். மூன்று முறை மாற்றியும் வெளுத்தால் பிளாக்கோ ஹெட்டோ கீறியிருக்கிறது. அழுத்தச் சோதனை வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 6: சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவில்லை

நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து மட்டும் மக்கர் செய்கிறதா? ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி முனைகளையும் பூமி இணைப்பையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பளிச்சென்று சுற்றியும் எடுக்கவில்லை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிந்திருக்கிறது. காற்றாடியை ஓடவிட்டு, லீவரை முழுவதும் திறந்து வைத்துச் சுற்றினால் பெரும்பாலும் எடுத்துவிடும். எடுத்தவுடன் லீவரைக் கீழே இறக்கத் தயாராக இருங்கள். நிரந்தரத் தீர்வு, கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த தட்டு ஒன்று.

அதற்கும் அடங்கவில்லை என்றால் எட்டு சிலிண்டரின் கம்ப்ரஷன், 3000-இல் டைமிங், பெட்ரோல் அழுத்தம், டேங்கில் என்ன நிரப்பியது, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். அக்கா மகனுக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். நேற்றிரவும் அவன் அனுப்பியது ஒலிப்பதிவுதான்.